அம்மாவின் மூக்கும் ஓர் எள்ளளவு அடுப்பும்

அம்மா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். நான் காவிரிக்கு இந்தப் பக்கம், தில்லைநகரில் இருக்கிறேன். 'எங்களோடயே வந்துடேன்' என்றால், 'பெருமாளை யார் பாத்துப்பா?' என்பாள், ஏதோ ரங்கநாதருக்கு இவள்தான் லோக்கல் கார்டியன் மாதிரி. உத்தர வீதியில் நிறைய வீடுகளில் இதே கதைதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் நியூஜெர்ஸியில் இருக்கிறார்கள், தினம் வீடியோ காலில் வருகிறார்கள். நான் ஒண்ணாம் நம்பர் பஸ் தூரத்தில் இருக்கிறேன். அதனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேழியில் கால் வைத்ததுமே காஸ் நாற்றம். லேசாக இல்லை, குப்பென்று. அம்மா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்கு ஓடினேன். பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருந்தது. அடுப்பின் குமிழ் மட்டும் திறந்தபடி. குமிழை மூடி, ரெகுலேட்டரை மூடி, கொல்லைக் கதவைத் திறந்தேன்.

"என்னடா ஓடறே?"

"காஸ் நாத்தம் தெரியலையாம்மா?"

"அப்படியா? இரு, ஃபேனைப் போடறேன்" என்று ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினாளே பார்க்கலாம்! ஸ்கூலில் கபடி ஆடிய காலத்துக்குப் பிறகு நான் அப்படிப் பாய்ந்ததில்லை. (படித்துவிட்டு மறக்காதீர்கள்: காஸ் கசிந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. உள்ளே விழும் குட்டிப் பொறி போதும். கதவைத் திறந்து வெளியே வந்து 1906-க்கு ஃபோன் செய்ய வேண்டும்.)

அப்புறம் விசாரணைக் கமிஷன். காப்பிப் பொடி டப்பாவை மூக்கருகே நீட்டினேன். ஊஹூம். பெருங்காயம். ஊஹூம். கடைசியில் ஒப்புக்கொண்டாள். 2021-ல் வந்த காய்ச்சலோடு போன வாசனை, திரும்பி வரவேயில்லை.

"இத்தனை வருஷமா சொல்லலையே?"

"மூக்குதானே, போனாப் போறது. ரசம் நன்னாத்தானே இருக்கு?"

ரசம் நன்றாகத்தான் இருந்தது. நாற்பது வருஷப் பழக்கத்தில் கையே அளந்து போடுகிறது. அதுதான் ஆபத்து. கண் போனால் தடுக்கி விழுவோம், ஊருக்குத் தெரிந்துவிடும். மூக்கு போனால் யாருக்கும் தெரியாது.

சமையல் காஸுக்கு இயற்கையில் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. நமக்குத் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் காஸ் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. ரொம்ப நல்ல ஏற்பாடு, மூக்கு வேலை செய்கிறவரை!

மறுநாளே ஒரு காஸ் டிடெக்டர் ஆர்டர் செய்தேன். வந்தது. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக மாட்டிவிட்டு, உலகத்தில் என்னைப்போல் பிள்ளை உண்டா என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அந்த ப்ளக்கில் செல்ஃபோன் சார்ஜர்.

"அது ராத்திரி பூரா சிவப்பா எரியறதுடா. தொட்டுப் பாத்தா சுடறது. கரண்ட் என்னத்துக்கு ஆறது?"

நான் பி.காம். கணக்கு என்று வந்துவிட்டால் விடமாட்டேன். உள்ளே இருக்கும் சென்ஸார் தின்பது சுமார் முக்கால் வாட். இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் சொச்சம். அடாப்டர் வீணாக்குவதையும் சேர்த்து இரண்டு யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். பேப்பரில் போட்டுக் காட்டினேன். அம்மா கணக்கை ஒப்புக்கொண்டாள். நான் போனதும் மறுபடி அணைத்தாள். கரண்ட் அல்ல பிரச்சினை. கறிவேப்பிலை தாளித்தால் கத்துகிறதாம், சாம்பிராணி போட்டால் கத்துகிறதாம். கையில் சானிடைஸர் தடவிக்கொண்டு வந்த வாத்தியாரைப் பார்த்துக் கத்தி, அவர் மந்திரத்தில் இரண்டு வரி விட்டுவிட்டாராம்.

இந்தக் கட்டத்தில்தான் மாடிப் போர்ஷன் பையன் உள்ளே வந்தான். எம்.டெக். படிக்கிறான். அவன் அப்பா பெல்லில் பாய்லர் செய்து ரிட்டயர் ஆனவர். திருவெறும்பூரில் 1965-லிருந்து இருக்கிற அதே ஃபாக்டரி. பையன் டிடெக்டரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணா, இதை யாரு இவ்ளோ உசரத்துல மாட்டினது?"

"ஏன்?"

"சமையல் காஸ் காத்தைவிடக் கனம். தரையோட தரையா ஓடும். இது இருக்கிற உசரத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். தரையிலேர்ந்து ஒரு அடி உசரத்துல மாட்டணும்."

உலகத்தில் என்னைப்போல் பிள்ளை உண்டா என்று கேட்டேனல்லவா? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"சரி, இது ஏம்ப்பா சுடறது? மூக்கு எதுக்கு சுடணும்?" என்றேன்.

அவ்வளவுதான். பையன் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டான். அவன் ப்ராஜெக்டே அதுதானாம். காஸ் சென்ஸாருக்குள் இருக்கும் அடுப்பை எவ்வளவு சின்னதாகச் செய்யலாம், எவ்வளவு சூடு தாங்க வைக்கலாம் என்று. அப்பா தென்னை மரத்தைப்போல் பல மடங்கு உயரத்துக்கு பாய்லர் செய்தார். பிள்ளை எள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும் அடுப்பு செய்கிறான். தலைமுறை இடைவெளி என்பது இதுதான் போலிருக்கிறது.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். அதாவது வரவு செலவு பாஷையில்.

சென்ஸாருக்குள் இருப்பது டின் ஆக்ஸைடு. அதைச் சூடாக்கினால், காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைக் கடன் வாங்கிக்கொள்ளும். கையிருப்பு குறைந்ததால் மின்சாரம் ஓடுவது கஷ்டமாகிவிடும். இப்போது சமையல் காஸ் வருகிறது. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து கிளம்பிப் போகிறது. கடன் அடைந்து எலெக்ட்ரான் திரும்பி வருகிறது, மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. 'கையிருப்பு ஏறிவிட்டது' என்று கணக்குப்பிள்ளை கத்துகிறார். அதுதான் அலாரம்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க 300, 400 டிகிரி சூடு வேண்டும். சூடில்லாவிட்டால் கடை மூடியிருக்கிறது என்று அர்த்தம். காஸ் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1962-ல் க்யூஷூ பல்கலைக்கழகத்தின் ஸெய்யாமா துத்தநாக ஆக்ஸைடில் இதைச் செய்து காட்டினார். அதே ஆண்டு தகுச்சி என்பவர் தன் காஸ் சென்ஸாருக்கு பேட்டன்ட் கேட்டு மனுப் போட்டார். அவர் வழியில் வந்ததுதான் ஃபிகாரோ கம்பெனி. நம் வீட்டு டிடெக்டரில் இருப்பதும் அந்த வம்சம்தான். அலுமினா பீங்கானில் ஒரு குட்டிக் குழாய், வெளியே டின் ஆக்ஸைடு பூச்சு, உள்ளே ஹீட்டர் கம்பி. அலுமினா திருச்சிக்கு அந்நியமில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டை தீட்டிய செயற்கை மாணிக்கம், அதே அலுமினாவில் துளி குரோமியம் சேர்த்து உருக்கியதுதான்.

அந்தக் குழாய் சில மில்லிமீட்டர் நீளம். அதைச் சூடாக வைக்கத்தான் முக்கால் வாட். பென்சில் பாட்டரி இரண்டு போட்டால் ஒன்பது மணி நேரம் வரும். அதனால்தான் ப்ளக். ப்ளக் இருந்தால் ஸ்விட்ச் இருக்கும். ஸ்விட்ச் இருந்தால் அம்மா இருப்பாள்.

"சின்னதாப் பண்ணினா என்ன ஆகும்?"

"தட்டு ஒண்ணு. அகலம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. கனம் ஒண்ணு ரெண்டு மைக்ரான். மாமி தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும்ணா. அதுக்கு மேல பிளாட்டினத்துல நெளிநெளியா ஒரு ஹீட்டர். அதுக்கும் மேல டின் ஆக்ஸைடு."

"சூடு கீழே இறங்கிடாதா?"

"அதுக்குத்தான் கீழே இருக்கிற சிலிக்கானையே அரிச்சு எடுத்துடுவோம். சிலிக்கான் வெப்பத்தைக் கடத்தறதுல பலே கில்லாடி. அதோட ஆக்ஸைடு அதுல நூறுல ஒரு பங்குதான் கடத்தும். அதனால ஆக்ஸைடும் நைட்ரைடும் வெச்சு மெல்லிசா ஒரு தட்டு, நாலு மூலையிலும் நாலு கை, கீழே வெறும் பள்ளம்." சுற்றுமுற்றும் பார்த்தான். "இந்த ஊஞ்சல் மாதிரி. நாலு சங்கிலியைத் தவிர வேற எதுவும் இதைத் தொடலை பாருங்க."

அம்மா ஊஞ்சலைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் 1993-லேயே இப்படி ஓர் ஊஞ்சல் அடுப்பை, கம்ப்யூட்டர் சில்லு செய்யும் அதே முறையில் செய்து, மேலே டின் ஆக்ஸைடு பூசிக் காட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட அடுப்புக்கு 20 மில்லிவாட் போதும் என்று வையுங்கள். அதே இரண்டு பென்சில் பாட்டரி இரண்டு வாரம் ஓடும். அதோடு முடியவில்லை. தட்டு அத்தனை சின்னது என்பதால் ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் சூடேறிவிடும், அதே வேகத்தில் ஆறியும் விடும். அப்படியென்றால் எப்போதும் எரிய விடுவானேன்? ஐந்து விநாடிக்கு ஒரு தடவை கண்சிமிட்டும் நேரம் ஏற்றி, மோந்து பார்த்து, அணைத்துவிடலாம். நூறில் ஒரு பங்கு நேரம்தான் எரியும். என் கணக்குப்படி அடுப்புக்கு மட்டும் பாட்டரி நாலு வருஷம் வரும். மற்ற சர்க்யூட்டும் சாப்பிடும் என்பதால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இது கனவல்ல. ஜப்பானின் ஃபிகாரோ, நியூ காஸ்மாஸ் கம்பெனிகள் இந்த மாதிரி குட்டி சென்ஸார்களைச் செய்கின்றன. குழாய் வழியே வரும் காஸுக்கு, பாட்டரியிலேயே வருஷக்கணக்கில் ஓடும் டிடெக்டர்கள் நியூயார்க் வீடுகளில் மாட்டப்பட்டிருக்கின்றன.

"தாளிச்சா கத்தறதே, அது நிக்குமா?" இது அம்மா.

"குறைக்கலாம் மாமி. ஒரே தட்டை 200 டிகிரியில ஒரு தடவை, 400-ல ஒரு தடவைன்னு கேக்கலாம். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு சூட்டுல வேற வேற பதில் சொல்லும். பெரிய குழாயால அப்படிச் சட்டுனு மாற முடியாது."

எல்லாம் சரி, இதில் ப்ராஜெக்ட் எங்கே வந்தது என்று கேட்டேன். பையன் முகம் கொஞ்சம் வாடியது.

"தாங்கணுமேண்ணா!"

இங்கேதான் விஷயம். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 17,280 தடவை. ஐந்து வருஷத்துக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் அறைச் சூட்டிலிருந்து 400 டிகிரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அப்பா செய்த பாய்லரின் நீராவி 540 டிகிரி. சூட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அப்பாவுக்குக் கனமான எஃகுக் குழாய் இருந்தது. பிள்ளைக்கு இருப்பது முடியில் எழுபதில் ஒரு பங்கு.

சூடானால் பொருள் நீளும். பொன்மலையில் ரயில்வேக்காரர் யாரைக் கேட்டாலும் தண்டவாளத்தில் இடைவெளி ஏன் விட்டார்கள் என்று சொல்வார். இங்கே பிளாட்டினம், நைட்ரைடைப்போல் சுமார் மூன்று மடங்கு நீளும். ஆக்ஸைடைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தர் நீளும்போது மற்றவர் நீள மறுத்தால் தட்டு வளையும், ஒரு நாள் விரிசல் விடும். ஆக்ஸைடு படலத்துக்குத் தள்ளும் குணம், நைட்ரைடு படலத்துக்கு இழுக்கும் குணம். இரண்டையும் சரியான கனத்தில் மாற்றி மாற்றி அடுக்கினால் தள்ளலும் இழுப்பும் சமமாகித் தட்டு நிமிர்ந்து நிற்கும். எங்கள் வீட்டில் என் மனைவியும் அம்மாவும் காவிரிக்கு இரு கரைகளில் இருப்பதும் இந்தத் தத்துவப்படிதான்.

பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். அதனால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். அத்தனை மெல்லிய படலமாக இருக்கும்போது, 600, 700 டிகிரியைத் தாண்டினாலே தாமரை இலைத் தண்ணீர்போல் அங்கங்கே திரளப் பார்க்கும். அதைத் தட்டில் ஒட்டவைக்கப் பசை மாதிரி டைட்டேனியம் போடுவார்கள். சூட்டில் அந்தப் பசையே பிளாட்டினத்துக்குள் நுழைந்து கெடுக்கும். டான்டலம் போட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று பிளாட்டினத்தையே விட்டுவிட்டு டங்ஸ்டனுக்குப் போனது. பழைய குண்டு பல்பின் இழை ஞாபகமிருக்கிறதா? அதே டங்ஸ்டன்தான்.

இன்னொரு தொல்லை, சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். "தோசைக்கல்லுல நடுவுல கருகி, ஓரத்துல மாவா இருந்தா என்ன மாமி பண்ணுவீங்க?" என்றான் பையன்.

"தீயை ஓரத்துக்குத் தள்ளுவேன்."

"அதேதான்! ஹீட்டர் கம்பியை ஓரத்துல நெருக்கமாவும் நடுவுல கலக்கலாவும் வரையணும். இதைக் கண்டுபிடிக்க நான் கம்ப்யூட்டர்ல ஒரு செமஸ்டர் உக்காந்தேன்."

கம்ப்யூட்டரில் வரைவது திருச்சியிலேயே முடிந்துவிடும். செய்து பார்க்கத் தூசியில்லாத அறையும் கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின்களும் வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2008-ல் மத்திய அரசு ஆரம்பித்த ஒரு திட்டத்தில், சின்ன ஊர்க் கல்லூரி மாணவர்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.க்கோ பம்பாய் ஐ.ஐ.டி.க்கோ போய் அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்கலாம். பெங்களூருவில் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது. காற்று மாசைக் கண்டுபிடிக்கும் நான்கு சென்ஸார்களை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குட்டி அடுப்போடு ஒரே சில்லில் செய்திருக்கிறார்கள். அங்குள்ள பேராசிரியர் நவகாந்த பட்டுக்கு 2018-ல் இன்ஃபோஸிஸ் பரிசு கிடைத்ததற்கு காஸ் சென்ஸார் வேலையும் ஒரு காரணம்.

நம் கல்பாக்கத்திலும் உண்டு. அங்கே அணு உலையைக் குளிர்விக்க உருகிய சோடியம் ஓடுகிறது. அதில் தண்ணீர் கசிந்தால் ஹைட்ரஜன் வரும். சோடியத்துக்கு மேலே இருக்கும் ஆர்கான் வாயுவில், பத்து லட்சத்தில் சில பங்கு என்ற கணக்கில் ஹைட்ரஜன் கலந்தாலும் கண்டுபிடிக்க, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சென்ஸார் செய்தார்கள். எதை வைத்து என்கிறீர்கள்? அதே டின் ஆக்ஸைடு. உத்தர வீதி சமையலறைக்கும் அணு உலைக்கும் ஒரே மூக்கு!

மாடிப் பையனும் பெங்களூரு போய் வந்தான். தட்டுகள் வரிசையாக உருவாயின. அடியில் சிலிக்கானை அரித்தெடுத்து, கழுவிக் காயவைக்கும்போது பாதி உடைந்துவிட்டதாம். மீதியைச் சூடேற்றி அணைத்து, ஏற்றி அணைத்து, பல லட்சம் தடவை வரை போயிருக்கிறான்.

"மூணு கோடிக்கு இன்னும் தூரமிருக்குண்ணா" என்றான்.

"உடைஞ்சா அலாரம் அடிக்குமா?" என்றாள் அம்மா.

நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு நேரம் அவன் சொன்னதில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

"அடிக்காது மாமி" என்றான் மெதுவாக. "அதான் பயமே. அடுப்பு அணைஞ்சா சென்ஸார் 'காஸ் இல்லை'ன்னுதான் நினைச்சுக்கும். ஆனா ஒரு வழி இருக்கு. பிளாட்டினத்தோட மின்தடை சூட்டுக்கு ஏத்த மாதிரி ஏறும். அதனால ஹீட்டரே தெர்மாமீட்டரும்கூட. கம்பி அறுந்ததா, சூடு குறைஞ்சதான்னு அதையே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். நல்ல டிடெக்டர்னா அதைக் கேட்டுண்டே இருக்கணும். மேலே பூசின டின் ஆக்ஸைடும் நாள்பட மந்தமாகும். அதனாலதான் பல டிடெக்டருக்கு அஞ்சு வருஷம்னு ஆயுசு போட்டிருப்பாங்க."

டிடெக்டரைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக்கு எக்ஸ்பைரி தேதி! பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்கு அப்படி எதுவும் போட்டு அனுப்பவில்லை. அவள் மூக்கு 2021-ல் அணைந்தது. 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. ஃபோனில் 'சாப்பிட்டியா?' என்று கேட்டேனே தவிர, 'வாசனை வரதா?' என்று எந்தப் பிள்ளை கேட்கிறான்?

இப்போதைக்கு ஏற்பாடு இது. டிடெக்டரைக் கழற்றி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அடுப்பைவிட்டுக் கொஞ்சம் தள்ளி மாட்டியாயிற்று. எலெக்ட்ரீஷியனை வைத்து ஃப்ரிட்ஜ் லைனிலிருந்து, நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் இணைத்தாயிற்று. ஃப்ரிட்ஜை அம்மா அணைக்க மாட்டாள், மோர் புளித்துவிடும். கரண்ட் போனால் மூக்கும் போகும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பையனின் ஊஞ்சல் அடுப்பு வர வேண்டும்.

கிளம்பும்போது, "உனக்கு பாட்டரியில ஓடற டிடெக்டர் வந்ததும் வாங்கித் தரேம்மா. வருஷக்கணக்கா அணையாது" என்றேன்.

"வரட்டும், வாங்கலாம்" என்றாள், டிபன் பாக்ஸில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அது வரைக்கும் நீயே வாரத்துல ரெண்டு தடவை வந்து மோந்து பாத்துட்டுப் போயேன்."